குறை கண்டுபிடிக்கும் கேமராவும் கணக்கில் வராத கண்களும்

சில மாதங்களுக்கு முன்பு ஒரகடத்தை அடுத்த கிராமம் ஒன்றில் தொழிலாளர்களுக்கான சட்ட உதவி முகாம் நடத்தினோம். இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருவர் சம்பளச் சீட்டுகளையும் பழைய அடையாள அட்டையையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்திருந்தார். மின்னணு உதிரிபாக ஆலை ஒன்றில் மூன்றாண்டுகள் வேலை செய்தவர். வட்ட விளக்கு பொருத்திய உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் சர்க்யூட் போர்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, குறை இருப்பதைத் தனியே எடுத்து வைப்பது அவர் வேலை. ஆலையில் அதற்கு ‘விஷுவல் இன்ஸ்பெக்‌ஷன்’ என்று பெயர். ஒரு மேசைக்கு ஏழு பெண்கள்.

பிறகு கேமரா பொருத்திய பரிசோதனை இயந்திரம் வந்தது. இயந்திரம் குறை என்று சந்தேகிக்கும் படங்களைத் திரையில் பார்த்து, ‘ஓகே’ அல்லது ‘என்ஜி’ பொத்தானை அழுத்தும் இடத்தில் இவரையும் இன்னொரு பெண்ணையும் உட்கார வைத்தார்கள். மற்ற ஐவரின் ஒப்பந்தக் காலம் முடிந்தது, நீட்டிக்கப்படவில்லை. எட்டு மாதங்கள் கழித்து இவருடைய ஒப்பந்தமும் முடிந்தது. “மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்ததே நாங்கதானே சார். இப்போ அதுக்கே எல்லாம் தெரிஞ்சிருச்சுன்னு எங்களை அனுப்பிட்டாங்க. இதுக்குக் கேஸ் போட முடியுமா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முயல்வதே இக்கட்டுரை. சட்டத்தின் பதிலை மட்டும் சொன்னால் போதாது. அந்தப் பெண் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர், நிலமற்ற விவசாயக் கூலிக் குடும்பத்தின் முதல் பட்டதாரி, அவர் வசிக்கும் கிராமத்தின் விளைநிலங்கள் இன்று தொழிற்பேட்டையாக இருக்கின்றன என்ற மூன்று உண்மைகளும் அந்தக் கேள்விக்குள் இருக்கின்றன.

இயந்திரம் என்ன செய்கிறது?

முதலில் தொழில்நுட்பத்தைப் புரிந்துகொள்வோம். கைப்பேசி, தொலைக்காட்சி, சலவை இயந்திரம் என எதுவானாலும் அதன் உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு இருக்கிறது. அது தயாராகும் வரிசையை ‘எஸ்எம்டி லைன்’ என்கிறார்கள். போர்டின்மீது சால்டர் பசை அச்சிடப்படுகிறது. இயந்திரக் கை உதிரிபாகங்களை அதன்மேல் வைக்கிறது. ரீஃப்ளோ ஓவன் என்னும் சூட்டடுப்பின் வழியே செல்லும்போது பசை உருகி, பாகங்கள் போர்டில் பிடித்துக்கொள்கின்றன. மிகச் சிறிய பாகங்களின் நீளம் 0.4 மில்லிமீட்டர், அகலம் 0.2 மில்லிமீட்டர். உப்புக் கல்லைவிடச் சிறியவை.

இந்த வரிசையில் ‘ஏஓஐ’ எனப்படும் தானியங்கி ஒளியியல் பரிசோதனை இயந்திரம் நிற்கிறது. மேலிருந்து கேமராக்கள் படமெடுக்கின்றன. சிவப்பு, பச்சை, நீல விளக்குகள் வெவ்வேறு கோணங்களிலிருந்து ஒளி பாய்ச்சுகின்றன. சால்டரின் சரிவுக்கேற்ப ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு இடத்தில் பிரதிபலிப்பதால், ஒட்டு சரியாக ஏறியிருக்கிறதா என்பது படத்தில் நிறமாகத் தெரிகிறது. பாகம் விடுபட்டிருப்பது, திசை மாறியிருப்பது, ஒரு முனை தூக்கி நிற்பது, அடுத்தடுத்த இரு கால்களைச் சால்டர் பாலம்போல் இணைத்துவிடுவது ஆகியவற்றை இயந்திரம் இவ்வாறு கண்டுபிடிக்கிறது. சில சிப்களின் ஒட்டுகள் அவற்றின் அடியில் மறைந்திருக்கும். அவற்றை எக்ஸ்ரே கருவியே பார்க்க முடியும். வெளி உறையின் கீறல், புள்ளி, நிறவேறுபாடு ஆகியவற்றைப் பார்க்கவும் இப்போது கேமராக்கள் வந்துவிட்டன.

இந்த இயந்திரத்தை வெறுக்க நமக்குக் காரணமில்லை. எட்டு மணி நேரம் உருப்பெருக்கிக்குள் கண்ணை வைத்திருப்பது உடலை வருத்தும் வேலை. கண் எரிச்சல், தலைவலி, கழுத்து வலி ஆகியவற்றை முகாமுக்கு வந்த பெண்கள் அனைவரும் சொன்னார்கள். அத்தகைய உழைப்பை இயந்திரம் ஏற்றுக்கொள்வது நல்லதே. ஏற்றுக்கொண்ட பிறகு மிஞ்சும் ஆதாயம் யாரிடம் போகிறது, இழப்பு யார் தலையில் விழுகிறது என்பதுதான் நமது கேள்வி.

எந்தப் பரிசோதனை இயந்திரத்துக்கும் இரண்டு வகைப் பிழைகள் உண்டு. நல்ல போர்டைக் குறையுள்ளது என்று நிறுத்திவிடுவது ஒன்று. ஆலையில் இதை ‘ஃபால்ஸ் கால்’ என்கிறார்கள். குறையுள்ளதை நல்லது என்று அனுப்பிவிடுவது மற்றொன்று, இது ‘எஸ்கேப்’. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று கூடும். குறையுள்ள பொருள் வாடிக்கையாளரிடம் போய்விடக் கூடாது என்பதற்காக நிர்வாகம் இயந்திரத்தை மிகக் கடுமையாக அமைக்கிறது. அதனால் ஃபால்ஸ் கால் பெருகுகிறது. அவற்றைத் தரம் பிரிக்க மனிதக் கண்கள் தேவைப்படுகின்றன. இயந்திரத்தின் அருகே உட்கார்ந்து, சில நொடிகளுக்குள் ‘இது குறைதான்’, ‘இது குறையல்ல’ என்று தீர்ப்புச் சொல்பவரே ‘வெரிஃபிகேஷன் ஆபரேட்டர்’.

செயற்கை நுண்ணறிவு இங்கேதான் வருகிறது. புதிய வகை மென்பொருள், ஆயிரக்கணக்கான படங்களையும் அவற்றுக்கு மனிதர் சொன்ன தீர்ப்புகளையும் கொண்டே கற்றுக்கொள்கிறது. அந்தப் பெண் அழுத்திய ஒவ்வொரு ‘ஓகே’யும் ஒவ்வொரு ‘என்ஜி’யும் இயந்திரத்துக்கு ஒரு பாடம். அவர் தீர்ப்புகள் துல்லியமாக இருக்க இருக்க ஃபால்ஸ் கால் குறைகிறது. அவர் தேவைப்படும் நேரமும் குறைகிறது. கடைசியில் பல வரிசைகளின் படங்களை ஓரிடத்திலிருந்து ஒருவரே பார்த்துவிடலாம் என்ற நிலை வருகிறது. “மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்தது நாங்கதானே” என்று அவர் சொன்னது ஆதங்கம் மட்டுமன்று. தொழில்நுட்ப உண்மையும் அதுவே. ஆனால் அவருடைய சம்பளச் சீட்டில் அந்தத் திறனுக்குப் பெயரில்லை. மூன்றாண்டுகளும் அதில் ‘ஜெனரல் ஆபரேட்டர்’ என்றே இருந்தது.

இது எங்கே போய் முடியக்கூடும் என்பதற்குச் சீனாவில் முன்னுதாரணம் உண்டு. குன்ஷான் நகரிலுள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் தானியங்கி இயந்திரங்களின் வருகையால் பணியாளர் எண்ணிக்கை 1,10,000இலிருந்து 50,000ஆகக் குறைந்துவிட்டது என்று 2016இல் அப்பகுதி அரசு அதிகாரி ஒருவர் தெரிவித்தார். தமிழ்நாடு இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை. இங்கே ஆலைகள் விரிவடைந்துகொண்டிருக்கின்றன. 2023-24இல் 956 கோடி டாலராக இருந்த மாநிலத்தின் மின்னணு ஏற்றுமதி 2024-25இல் 1,465 கோடி டாலராக உயர்ந்தது. வளர்ச்சியின் இரைச்சலில் ஒரு மேசையில் ஏழு பேர் ஒருவராவது யார் கண்ணிலும் படுவதில்லை. ஆகவேதான் வளரும் காலத்திலேயே இதைப் பேச வேண்டியிருக்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

இயந்திரம் வந்தால் தொழிலாளியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று இந்தியச் சட்டம் நெடுங்காலமாகவே கூறிவருகிறது. 1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுகள் சட்டத்தின் 9-ஏ பிரிவும் நான்காவது அட்டவணையும், ஆட்குறைப்புக்கு இட்டுச் செல்லக்கூடிய இயந்திர, தொழில்நுட்ப மேம்பாட்டுக்கு முன்பு 21 நாள் அறிவிப்புத் தர வேண்டும் என்றன. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு 2020இன் 40ஆம் பிரிவும் மூன்றாவது அட்டவணையும் இந்தக் கடமையைத் தொடர்ந்து வைத்திருக்கின்றன.

இதன் பொருளை உச்ச நீதிமன்றம் 1999இல் லோக்மத் நியூஸ்பேப்பர்ஸ் வழக்கில் தெளிவுபடுத்தியது. பழைய அச்சுக்கோப்பு முறையை விட்டுப் புதிய ஒளி அச்சுக்கோப்புக்கு நாளிதழ் நிறுவனம் மாறியதையொட்டி எழுந்த வழக்கு அது. அறிவிப்பைத் தொழில்நுட்பத்தைப் புகுத்துவதற்கு முன்பே தர வேண்டும்; புகுத்தி முடித்து, ஆட்களை வெளியேற்றும்போது தருவது சட்டத்தை நிறைவேற்றியதாகாது என்று நீதிமன்றம் கூறியது. அச்சுக்கூடத்துக்குப் பொருந்திய இந்த நெறி கேமரா இயந்திரத்துக்கும் பொருந்தும்.

அப்படியானால் அந்தப் பெண் வழக்குத் தொடுக்கலாம் அல்லவா? இங்கேதான் சட்டத்தின் பின்வாசல் இருக்கிறது. அறிவிப்புக் கடமை எழுவது, மாற்றம் ‘ஆட்குறைப்பு’க்கு இட்டுச் செல்லும்போது. ஒப்பந்தக் காலம் முடிந்து, அது புதுப்பிக்கப்படாமல் போவது ஆட்குறைப்பு ஆகாது என்று 1984ஆம் ஆண்டுத் திருத்தம் பழைய சட்டத்தின் 2(ஓஓ) பிரிவில் ஒரு விலக்கைச் சேர்த்தது. புதிய சட்டத் தொகுப்பும் குறிப்பிட்ட கால வேலை முடிவதை ஆட்குறைப்பின் வரையறையிலிருந்து விலக்குகிறது. அப்ரென்டிஸாக எடுக்கப்பட்டவருக்கு இந்தக் கேள்விகூட எழுவதில்லை. 1961ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அவர் பயிற்சி பெறுபவரேயன்றித் தொழிலாளி அல்லர் என்கிறது.

நிரந்தரத் தொழிலாளி இருந்த இடத்தில் ஒப்பந்தத் தொழிலாளியையும் அப்ரென்டிஸையும் வைத்துவிட்டால், இயந்திரம் வரும்போது யாரும் ‘வேலை நீக்கம்’ செய்யப்படுவதில்லை. தேதிகள் மட்டும் முடிகின்றன. ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பைப் பழைய சட்டத்தின் 100 தொழிலாளர்களிலிருந்து 300ஆக உயர்த்தியதுபற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அதைவிடப் பெரிய ஓட்டை இது. ஆட்குறைப்புக்கு உள்ளாகும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் கடைசியாகப் பெற்ற 15 நாள் ஊதியத்துக்கு நிகரான தொகையை முதலாளி மறுதிறன் நிதியில் செலுத்த வேண்டும் என்று புதிய தொகுப்பின் 83ஆம் பிரிவு சொல்கிறது. ஆட்குறைப்பே நிகழவில்லை என்றால் அந்தப் பதினைந்து நாள் ஊதியமும் இல்லை.

ஆயினும் முழுவதும் கதவடைப்பு என்று சொல்லிவிட முடியாது. ஒப்பந்ததாரர் பெயரளவில் மட்டுமே இருந்து, வேலையைக் கட்டுப்படுத்துவது ஆலை நிர்வாகமே என்றால், அந்த ஒப்பந்தம் போலியானது. தொழிலாளி நேரடிப் பணியாளராகவே கருதப்பட வேண்டும். 2001ஆம் ஆண்டு ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கின் தீர்ப்பு, ஒப்பந்தத் தொழிலாளரைத் தாமாகவே நிரந்தரமாக்க முடியாது என்று நம் கைகளைக் கட்டியபோதும், போலி ஒப்பந்தம் என்னும் வாதத்தைத் திறந்தே வைத்தது. அதற்குச் சான்று வேண்டும். யார் ஷிஃப்ட் போட்டார், யார் விடுப்புக் கொடுத்தார், எந்த லாகின் எண்ணில் இயந்திரத்தை இயக்கினார் என்பவையே அந்தச் சான்று. அந்தப் பெண் பிளாஸ்டிக் கவரில் கொண்டுவந்த சீட்டுகளின் மதிப்பு அவர் நினைத்ததைவிட அதிகம்.

இயந்திரத்துக்குச் சாதி உண்டா?

“கேமராவுக்கு முன் எல்லோரும் சமம், அதற்குச் சாதி தெரியாது” என்று நிர்வாகப் படிப்புப் படித்த நண்பர்கள் நம்மிடம் சொல்வதுண்டு. கேமரா போர்டைத்தான் பார்க்கிறது, ஆளை அன்று என்பது உண்மை. ஆனால் அந்தப் போர்டின் அருகே யார் உட்கார்கிறார், யார் இயந்திரத்துக்கு நிரல் எழுதுகிறார், யார் வாசலுக்கு வெளியே நிற்கிறார் என்பதைச் சாதி முன்பே தீர்மானித்துவிட்டிருக்கிறது.

வரலாற்றில் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு பம்பாய்ப் பஞ்சாலைகள். நெசவுப் பிரிவில் கூலி அதிகம். அங்கே நாடாவில் புதிய நூற்கட்டை மாற்றும்போது நூலின் முனையை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்தது. தீண்டத்தகாதவர் வாய் வைத்த நாடாவைத் தாங்கள் தொட முடியாது என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். அதனால் தலித்துகள் கூலி குறைந்த பிரிவுகளிலேயே நிறுத்தப்பட்டார்கள். 1928ஆம் ஆண்டு ஆலை வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இந்த விலக்கலைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் வெளிப்படையாக எழுப்பினார். மரத்தாலான ஒரு நாடாவுக்கும் சாதி தெரியாது. ஆனால் அந்த நாடாவைச் சுற்றியே ஒரு கூலிப் படிநிலை கட்டப்பட்டது. தொழிலாளர் ஒற்றுமை பேசிய சங்கங்களும் அதைத் தாமாகக் கேள்வி கேட்கவில்லை.

இன்றைய ஆலையில் எவரும் தீட்டுப் பேசி ஒரு பிரிவை மூடி வைப்பதில்லை. வடிகட்டல் வேறு இடத்தில் நடக்கிறது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுடன் வெவ்வேறு சாதி, மத அடையாளம் தெரியும் பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. உயர்சாதி இந்துப் பெயர்களோடு ஒப்பிட, தலித் பெயர்களுக்கு அடுத்த கட்டத் தேர்வுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் 0.67 மட்டுமே. அது பட்டப்படிப்பு தேவைப்படும் பணிகளைப் பற்றிய ஆய்வு. ஏஓஐ வந்த பிறகு ஆலையில் உருவாகும் புதிய பணிகளும் அத்தகையவையே: இயந்திரத்துக்கு நிரல் அமைப்பவர், செயல்முறைப் பொறியாளர், தரவு ஆய்வாளர். குறையும் பணிகளோ உருப்பெருக்கியின் கீழ் செய்யப்பட்டவை. குறையும் இடத்தில் யார் இருக்கிறார்கள், கூடும் இடத்துக்கு யார் போகிறார்கள் என்பதை எந்த ஆலையும் கணக்கெடுப்பதில்லை. கணக்கு இல்லாததால் பாகுபாடும் இல்லை என்று சொல்லிவிடுவது வசதியாக இருக்கிறது.

தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 2011 கணக்கெடுப்பின்படி 20 விழுக்காடு. பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் அந்த விகிதம் மாநிலச் சராசரியைவிடவும் அதிகம். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலமற்ற வாழ்வைப் பற்றி அறிக்கை அளித்ததும், அதன் தொடர்ச்சியாக 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீடு வந்ததும் இதே நிலப்பரப்பிலிருந்துதான். அந்த நிலங்களை மீட்கக் கேட்டுப் போராடிய இருவர் 1994இல் காரணையில் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்ததும் இதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான். தொழிற்பேட்டைகள் வந்தபோது நிலத்துக்கான விலை பட்டாதாரருக்குப் போனது. அந்த நிலத்தில் நாற்று நட்டவருக்கும் களை பறித்தவருக்கும் சொல்லப்பட்டது ஒன்றே: “உங்கள் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும்.” முகாமுக்கு வந்த பெண்ணின் வேலை, அவர் குடும்பத்தைப் பொறுத்தவரை, இழந்த வயல் வேலைக்கு ஈடாகச் சொல்லப்பட்ட வாக்குறுதி. அது மூன்றாண்டு ஒப்பந்தமாகச் சுருங்கி, பிறகு முடிந்தும் போனது.

இப்பகுதியின் மின்னணு ஆலைகளில் பெண்களின் அனுபவம் தொடர்ந்து இப்படித்தான் இருந்திருக்கிறது. 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றபோது ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்கள் வெளியேறினார்கள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிறகு, அப்பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். திருமணமான பெண்களை ஐபோன் தயாரிப்புப் பணியில் சேர்ப்பதில்லை என்ற செய்தியை 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்டபோது, ஒன்றிய அரசு 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. பாலினப் பாகுபாட்டைக் கேட்க ஒரு சட்டமாவது இருந்தது. தனியார் ஆலை ஒன்று ஆளெடுப்பில் சாதி பார்த்தால் அதே வேகத்தில் அறிக்கை கேட்க எந்தத் தொழிலாளர் சட்டமும் இல்லை. 16(4) உறுப்பின் இடஒதுக்கீடு அரசுப் பணிகளோடு நின்றுவிடுகிறது. 2006இல் தொழில் கூட்டமைப்புகள் தனியார் துறைக்கென முன்வைத்தது கட்டாயமற்ற தன்விருப்பத் திட்டம் மட்டுமே.

ஒரு கதவு மட்டும் திறந்திருக்கிறது. 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவு, பொதுமக்களுக்கு உரிமையுள்ள எந்த வேலையிலும் தொழிலிலும் ஈடுபடப் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. இதை ஆலை வாசலில் பயன்படுத்துவது எளிதன்று. சாதியின் காரணமாகத்தான் தடுத்தார்கள் என்பதை நிறுவ வேண்டும். அதை நிறுவத் தேவையான எண்ணிக்கைகள் நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன.

கேமரா திரும்பும்போது

இன்னொரு ஆபத்தையும் மாணவத் தோழர்கள் கவனிக்க வேண்டும். போர்டைப் பார்க்கும் அதே தொழில்நுட்பம், வேலை மேசைமேல் தொங்கவிடப்பட்டால் கைகளைப் பார்க்கும். திருகாணியைச் சரியான வரிசையில் முடுக்கினாரா, எத்தனை நொடி எடுத்தார், எத்தனை முறை எழுந்து போனார் என்பதையெல்லாம் அளக்கக்கூடிய கேமரா அமைப்புகள் சந்தையில் விற்கப்படுகின்றன. ஒவ்வொரு போர்டுக்கும் தனி எண் இருப்பதால், எஸ்கேப் ஆன குறை யாருடைய ஷிஃப்டில், யாருடைய லாகினில் போனது என்பதையும் பின்னோக்கித் தேடலாம். இயந்திரம் தவறவிட்டதற்கும் பொத்தானை அழுத்தியவர் பதில் சொல்ல நேரிடும்.

இதற்கெதிராகத் தனியுரிமைச் சட்டம் காக்குமா? 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்காகவும் முதலாளியை இழப்பிலிருந்து காப்பதற்காகவும் தொழிலாளியின் ஒப்புதல் இல்லாமலே தரவைப் பயன்படுத்த இடமளிக்கிறது. குடிமக்களுக்கு ஒப்புதல் உரிமையை வழங்குவதாகச் சொல்லும் சட்டம், ஆலை வாசலில் அந்த உரிமையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகச் சொல்கிறது.

நாம் கேட்க வேண்டியவை

அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். 1946இல் ஆலைச் சட்டம் திருத்தப்பட்டு வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்ததற்கு அவருடைய பதவிக்கால முயற்சிகளே அடித்தளம். இயந்திர உற்பத்தியை அவர் எதிர்க்கவில்லை. இயந்திரம் மனிதருக்கு ஓய்வைத் தர வேண்டும், அந்த ஓய்வு உழைப்பவருக்குக் கிடைக்க வேண்டும் என்பதே அவர் வாதம். நம் காலத்தில் அது தலைகீழாக நடக்கிறது. இயந்திரங்கள் பெருகிய இந்த மாநிலத்தில்தான் 2023 ஏப்ரல் 21 அன்று பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மே நாளில் முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். எதிர்த்தால் திரும்பப் பெற வைக்க முடியும் என்பதையும் அந்தப் பத்து நாட்கள் காட்டின.

ஆகவே நம் கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று: தொழில்நுட்ப மாற்றத்துக்கான முன்னறிவிப்பு ஒப்பந்தத் தொழிலாளர், குறிப்பிட்ட காலப் பணியாளர், அப்ரென்டிஸ் அனைவருக்கும் பொருந்த வேண்டும். இயந்திரம் நிறுவப்பட்டதற்கு முன்னும் பின்னும் குறிப்பிட்ட காலத்துக்குள் புதுப்பிக்கப்படாத ஒப்பந்தங்களை ஆட்குறைப்பாகவே கருதும் விதி வேண்டும்.

இரண்டு: இயந்திரத்துக்குக் கற்பிக்கத் தம் தீர்ப்புகளைத் தந்தவர்களைத் திறன் பெற்ற தொழிலாளராக வகைப்படுத்தி அதற்குரிய ஊதியம் தர வேண்டும். ஏஓஐ நிரல் அமைக்கும் பயிற்சியில் அவர்களுக்கு முன்னுரிமை வேண்டும். எது குறை, எது குறையன்று என்பதை ஆயிரம் போர்டுகளில் பார்த்தவருக்கு அதை நிரலாக்கக் கற்பிப்பது கடினமான செயலன்று.

மூன்று: பொதுப்பணம் பெறும் ஆலைகள் பணி நிலைவாரியாகச் சமூகப் பிரிவுக் கணக்கை, தனிநபர் அடையாளம் இன்றி, ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். 2020இல் தொடங்கிய உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டம் கூடுதல் விற்பனையில் 4 முதல் 6 விழுக்காடு வரை அரசுப் பணத்தை வழங்கியது. அது பார்த்தது முதலீட்டையும் விற்பனையையும் மட்டுமே. 2025இல் ஒப்புதல் பெற்ற 22,919 கோடி ரூபாய் மின்னணு உதிரிபாகத் திட்டமோ ஊக்கத்தொகையின் ஒரு பகுதியை வேலைவாய்ப்போடு இணைக்கிறது. வேலைவாய்ப்பை நிபந்தனையாக்க முடியும் என்றால், யாருக்கு அந்த வேலை என்பதையும் நிபந்தனையாக்க முடியும். சிப்காட் நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்குத் தரும் மாநில அரசுக்கும் இது பொருந்தும்.

நான்கு: வேலை மேசையைப் பார்க்கும் கேமரா எதுவானாலும், தொழிலாளர் பிரதிநிதிகள் உள்ள பணிக்குழுவின் ஒப்புதலோடுதான் பொருத்தப்பட வேண்டும். நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பை அரசியலமைப்பின் 43-ஏ உறுப்பு ஏற்கெனவே அரசின் கடமையாக்கியிருக்கிறது.

இவை தாமாக வந்துவிடா. 2024இல் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தைப் பதிவு செய்யும் அடிப்படை உரிமைக்கே அவ்வளவு நீண்ட போராட்டம் தேவைப்பட்டது. பதிவு 2025 ஜனவரியில்தான் கிடைத்தது. அதுவும் பெரும்பாலும் நிரந்தரத் தொழிலாளர்களின் போராட்டம். ஒப்பந்தத்தில் இருக்கும் பெண் உறுப்பினராக முடியாத சங்கம், இயந்திரம் வரும் நாளில் அவருக்காகப் பேச முடியாது. சங்கங்கள் இதையும், 1928இல் எழுப்பப்பட்ட கேள்வியையும் சேர்த்தே எதிர்கொள்ள வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு நாம் சொன்ன பதில் இது: வழக்குப் போட முடியும், உறுதியாக வெல்லும் என்று சொல்ல முடியாது. ஒப்பந்தம் போலியானது என்ற அடிப்படையில் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு அளிக்கலாம். அதற்கு முன் அவருடைய மேசையில் இருந்த மற்ற அறுவரையும் கண்டுபிடிக்க வேண்டும். ஏழு பேரின் ஒப்பந்தங்களும் இயந்திரம் வந்த பிறகு அடுத்தடுத்து முடிந்தன என்பதைத் தேதிகளோடு காட்டினால், தற்செயல் என்று நிர்வாகம் சொல்வது கடினமாகும். அவர் தம் கைப்பேசியிலிருந்து இதுவரை நால்வரின் எண்களைத் தேடித் தந்திருக்கிறார். இந்தத் தொழிற்பகுதியில் படிக்கும், வசிக்கும் தோழர்களிடம் நாம் கேட்பதும் அத்தகைய வேலையையே. உங்கள் தெருவில் ஒப்பந்தம் முடிந்து வீட்டில் இருக்கும் அக்காவிடமோ தங்கையிடமோ கடைசிச் சம்பளச் சீட்டையும், இயந்திரம் வந்த மாதத்தையும் கேட்டு எழுதி வையுங்கள். நிர்வாகம் எடுக்க மறுக்கும் கணக்கை நாம் எடுக்கத் தொடங்க வேண்டும்.